எஸ்தர் சிஸ்டரும் பதினேழாம் மரமும்

தக்கலையைத் தாண்டிப் பேருந்து போய்க்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. எஸ்தர் சிஸ்டரைப் பெரியம்மை என்று கூப்பிடும் தங்கை மகன் ஜெபின்.

"மாமா, எங்க இருக்கிய?"

"பஸ்ல மக்கா. ஆஸ்பத்திரிக்குத்தான் வாறேன். சிஸ்டர்ட்ட ஒண்ணு காட்டணும்."

"ஆஸ்பத்திரிக்கு வராண்டாம் மாமா. வீட்டுக்கு வந்திருங்கோ. பெரியம்மை போயிட்டாவ. அரை மணிக்கூர் ஆச்சு" என்றான்.

என் மடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு மரச் சிராய். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். அன்று காலையில் எட்டாம் நம்பர் அகில் மரத்திலிருந்து உளியால் செதுக்கி எடுத்தது. அதை சிஸ்டரின் கையில் வைத்துவிட வேண்டும் என்றுதான் திற்பரப்பிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் கிளம்பியிருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, வந்த வழியே திரும்பும் பேருந்துக்காக நின்றேன். பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எஸ்தர் சிஸ்டரை அறியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். அதில் பெரும்பகுதி புண் கட்டும் அறையில் கழிந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் திற்பரப்பில் தகப்பனார் விட்டுப்போன நிலத்துக்கு வந்து சேர்ந்தார். அருவியில் குளிக்க வருகிறவர்களின் வண்டிகள் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அவருடைய ஓட்டு வீடு. அந்த நிலத்துக்கும், என் மனைவி பகவதிக்குப் பங்காக வந்த நிலத்துக்கும் நடுவே ஒரு கய்யாலை. இடுப்பளவுக்கு எழுப்பிய மண்சுவர், அவ்வளவுதான்.

நான் சுசீந்திரத்துக்காரன். பெயர் சிவதாணு. வயலைப் பார்த்து வளர்ந்தவன். பிறகு ஓர் அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்து ஓய்வு பெற்றவன். மலைப்பக்கத்து விவசாயத்தில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. வாரத்துக்கு இரண்டு தடவை பேருந்து மாறி மாறித் தோட்டத்துக்குப் போய், அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்புவேன். அப்படி ஒரு நாள் முள்கம்பியில் கையைக் கிழித்துக்கொண்டு, மண்ணை அள்ளி அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது கய்யாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்ன சார் செய்யுதிய? படிச்ச ஆளுதானே?"

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் அவர் வீட்டு முற்றத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொதிக்க வைத்த தண்ணீர், பஞ்சு, ஸ்பிரிட், மருந்து, கட்டு. எரிச்சலில் நான் பல்லைக் கடித்ததை அவர் சட்டை செய்யவே இல்லை. கட்டி முடித்ததும் சாயா தந்தார். அந்த டம்ளரையும் என் கண் முன்னால் வெந்நீரில் முக்கி எடுத்துத்தான் தந்தார். "அழுக்குதான் சார் ஆள கொல்லுகது. நோவு கொல்லாது" என்றார். எஸ்தர் சிஸ்டரின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதுதான் பின்னால் எங்களைப் படுகுழியில் தள்ளியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டுதான் அகில் கன்று விற்க ஓர் ஏஜெண்ட் வந்தார். வேனில் கன்றுகள், கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த நோட்டீஸ். ரப்பருக்கு நடுவிலும் வரப்பிலும் நட்டால் போதும், எட்டே வருடத்தில் கட்டை முழுக்க வாசனை ஏறிவிடும், அரபு நாட்டுக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்றார். நான் இருபது கன்று வாங்கினேன். கய்யாலைக்கு அந்தப் பக்கம் சிஸ்டரும் இருபது வாங்கினார். ஒரே நாளில் நட்டோம். என் பக்கத்தில் ஒன்று முதல் இருபது வரை, அவர் பக்கத்தில் இருபத்தொன்று முதல் நாற்பது வரை. நம்பர் போட்டதெல்லாம் அவருடைய ஏற்பாடு. தகரத்தை வெட்டி, ஆணியால் எண்ணைக் குத்தி, ஒவ்வொரு மரத்துக்கும் வளர வளரத் தளர்த்துவதற்கு வசதியாகச் சுருள் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.

எட்டு வருடத்தில் மரங்கள் நெடுநெடுவென்று வளர்ந்தன. ஒரு பூச்சி கிடையாது, ஒரு வாடல் கிடையாது. ஏஜெண்டின் எண் அதற்குள் உபயோகத்தில் இல்லை என்று ஆகியிருந்தது. அதன் பிறகுதான், அந்த நோட்டீஸில் எழுதாமல் விட்ட ஒரு விஷயம் எங்களுக்குத் தெரியவந்தது. நோய் நொடி இல்லாத அகில் மரத்தில் வாசனையே கிடையாது. வெறும் வெள்ளைக் கட்டை. தீப்பெட்டிக்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள். மரத்துக்குக் காயம் பட வேண்டும். அந்தக் காயத்தில் ஒருவகைப் பூஞ்சணம் ஏற வேண்டும். அதை எதிர்த்து மரம் தனக்குள்ளேயே ஒரு பிசினைச் சுரந்து அந்த இடத்தைச் சுற்றி வளைக்க வேண்டும். அந்தக் கறுத்த பிசின் ஏறிய கட்டைதான் அகில். காட்டில் இதெல்லாம் தானாக நடக்கும். தோட்டத்தில் நாம்தான் நடத்தி வைக்க வேண்டும்.

சுற்றுவட்டாரத்தில் ஆளுக்கொரு வழியில் இறங்கினார்கள். சிலர் மரம் முழுக்க ஆணி அடித்தார்கள். சிலர் கோடாரியால் கொத்திவிட்டார்கள். ஒருவர் ஏதோ அமிலத்தைக் குப்பியில் கட்டித் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்கி, ஒரே மாதத்தில் தோட்டத்தையே விறகாக்கினார். சிஸ்டர் அதையெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்து முகத்தைச் சுளித்தார்.

"மரத்துக்கு நோவு கொடுக்கத்தான் வேணும். ஆனா அதுக்கு ஒரு முறை இருக்குல்லா தாணு சார்?"

அவர் தேர்ந்தெடுத்த முறை துளை போட்டு மருந்து விடுவது. மருந்து என்பது அந்தப் பூஞ்சணத்தை வளர்த்த கரைசல். கேரளத்திலிருந்து ஒருவர் கேனில் கொண்டுவந்து கொடுப்பார். டிரில்லிங் மெஷினால் மரத்தைச் சுற்றி ஏறுமுகமாகத் துளைகள் போட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் கரைசலை உள்ளே விட வேண்டும். இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்துச் செய்வதென்று முடிவாயிற்று. துளை போடுவது என் வேலை, மருந்து விடுவது அவருடைய வேலை. இதில் பகவதிக்கு நம்பிக்கை இல்லை. "அந்த மரத்த வெட்டித் தள்ளிட்டு ரப்பர் வைங்கோ. உங்க ரெண்டு பேருக்கும் வேற சோலி இல்லியா?" என்பாள். ரப்பர் கன்று வைக்கிற பருவம் வரும்போதெல்லாம் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் கிளம்பும்.

சிஸ்டர் ஒரு நீள நோட்டுப் புத்தகம் போட்டார். மருத்துவமனையில் நோயாளிக்கு எழுதுவதுபோல மரத்துக்கு ஒரு பக்கம். வயது, சுற்றளவு, துளை எத்தனை, எந்தத் திசையில், எவ்வளவு மருந்து, அன்றைய வெயில் மழை. கடைசியில் 'முடிவு' என்று ஒரு கட்டம். நான் கிண்டல் செய்தால், "டூட்டி முடியும்போ சார்ட்டு காலியா இருக்கப்படாது சார்" என்பார். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போனதில்லையாம்.

இப்போது அந்த முதல் துளை போட்ட நாட்களுக்கு வருகிறேன். ஒவ்வொரு துளைக்கும் முன்னால் டிரில்லின் முனையில் மாட்டும் பிட்டை ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காட்ட வேண்டும். துளை போட்டதும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் உள்ளே சுற்றித் துடைக்க வேண்டும். பிறகு அவர் மருந்து விடுவார். உடனே உருக்கிய மெழுகால் துளையை ஈக்கும் எறும்புக்கும் காற்றுக்கும் இடமில்லாமல் அடைப்பார். அவர் கய்யாலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் மெஷின் சத்தம் கேட்கும் முன்பே குரல் வந்துவிடும்.

"தீ காட்டியாச்சா?"

"ஆச்சு சிஸ்டர்."

ஒரு நாளைக்கு நூறு தடவை. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. பகவதியைக் கேட்டால் கொஞ்சம் என்று சொல்லமாட்டாள். பதினேழாம் மரத்துக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. விளக்கு நனைந்துவிட்டது. பிட் கை நழுவி, கீழே அழுகிக் கிடந்த ரப்பர் இலைக் குப்பைக்குள் விழுந்தது. எடுத்தேன். லுங்கியில் ஒரு துடை துடைத்தேன். மாட்டினேன்.

"தீ காட்டியாச்சா?" என்று குடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆச்சு சிஸ்டர்" என்றேன்.

அந்த மரத்தில் எல்லாத் துளையையும் அப்படியே போட்டேன். பஞ்சு நனைந்து போயிருந்ததால் துடைக்கவும் இல்லை. அவர் வந்து மருந்து விட்டார். மெழுகு மழையில் பிடிக்கவில்லை. "நாளைக்கு அடைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நான் மறந்துவிட்டேன். நோட்டுப் புத்தகத்தில் எல்லா மரத்தையும் போலவே அதற்கும் 'தீ காட்டியது, துடைத்தது, அடைத்தது' என்று அவருடைய உருண்டை எழுத்தில் பதிவாகிவிட்டது.

ஒரு வருடம் பொறுத்து, உளியும் சுத்தியலுமாக மரம் மரமாகப் போனோம். ஒவ்வொரு மரத்திலும் ஒரு துளையை மட்டும் ஓரத்தில் செதுக்கிப் பார்த்தோம். வெள்ளை. அடுத்தது வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. துளைகள் அவ்வளவு அழகாக ஆறியிருந்தன. சிஸ்டர் கட்டிய எந்தப் புண்ணும் அப்படித்தான் ஆறும். பதினாறு மரம் முடிந்தபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். பதினேழில் உளி இறங்கியதும் சிராய் கறுப்பாக வந்தது.

அவர் அதைக் கையில் வாங்கி மூக்கருகில் கொண்டுபோனார். தீக்குச்சியைக் கிழித்து ஓரத்தில் காட்டினார். மெல்லிய புகை வந்தது. அந்த வாசனையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

திறக்கவில்லை. ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அறுபது வயது தாண்டிய ஒருவன், சொன்ன வேலையைச் செய்யாமல் பள்ளிக்கூடப் பையனைப்போல் பொய் சொன்னான் என்று அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதோடு அழுக்குப் பிட்தான் காரணம் என்று அன்றைக்கு எனக்கே உறுதியாகத் தோன்றவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சந்தேகம் அன்றே வந்துவிட்டது. அதை மறைத்து இந்த அஞ்சலியை எழுதினால், அவருடைய நோட்டுப் புத்தகத்தில் நான் எழுத வைத்த பொய்யின் மேல் இன்னொரு பொய்யை எழுதியதாகும்.

மற்ற மரங்கள் எல்லாம் வெள்ளை. பதினேழு மட்டும் ஏன் கறுப்பு? சிஸ்டர் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார். மழை நாளில் போட்டதால் இருக்குமோ? மரம் சரிவில் நிற்பதால் இருக்குமோ? தெற்குப் பக்க நிழலோ? அடுத்த பருவத்தில் பதினேழாம் மரத்துக்கு அமைந்ததையெல்லாம் மற்ற மரங்களுக்கும் அமைத்துக் கொடுக்க முனைந்தார். மழை பெய்யும் நாளாகப் பார்த்து என்னை வரச் சொன்னார். சுசீந்திரத்திலிருந்து மூன்று பேருந்து மாறிப்போய், ஒருவர் குடை பிடிக்க ஒருவர் துளை போட்டதை வழியில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். விளக்கு நனையாமல் இருக்க சிஸ்டர் அதற்கு ஒரு தகரக் கூடு செய்து வைத்திருந்தார்.

"தீ காட்டியாச்சா?"

"ஆச்சு சிஸ்டர்."

இந்தத் தடவை நான் உண்மையாகவே ஒவ்வொரு துளைக்கும் தீ காட்டினேன். பொய் சொன்ன குற்ற உணர்ச்சியில் முன்னைவிட நன்றாகவே காட்டினேன். ஒரு வருடம் கழித்துச் செதுக்கினால் எல்லாம் வெள்ளை. ஆணி அடித்த பக்கத்துத் தோட்டத்தில்கூட அங்கங்கே கறுப்பு விழுந்திருந்தது. துருப்பிடித்த ஆணி. அது எங்கள் இருவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அவருக்கு உறைக்கவில்லை, எனக்கு உறைத்தும் நான் பேசவில்லை.

பகவதி கெடு வைத்துவிட்டாள். அடுத்த ரப்பர் பருவத்துக்குள் ஒன்றும் ஆகாவிட்டால் எங்கள் பக்கத்து இருபதையும் வெட்டுவது என்று. நான் சரி என்றேன். சிஸ்டரிடம் சொன்னபோது, "அதுக்குள்ள ஆகும் சார்" என்றார். எதை வைத்துச் சொன்னாரோ தெரியாது.

அந்தக் காலத்தில்தான் அவருடைய காலில் புண் வந்தது. சர்க்கரை பல வருடமாக உண்டு. ரப்பர்ச் செருப்பு கடித்த இடம். காலையிலும் மாலையிலும் தானே கட்டினார். உலகத்தில் அதைவிடச் சுத்தமாக யாரும் ஒரு புண்ணைக் கட்டியிருக்க முடியாது. ஆனாலும் அது ஆறவில்லை. மரத்தில் ஆறக் கூடாத புண் ஆறுகிறது, மனிதருக்கு ஆற வேண்டிய புண் ஆறவில்லை, பாருங்கள் என்று ஒருவர் என்னிடம் பெரிய தத்துவம்போலச் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சர்க்கரை வியாதியில் தத்துவம் ஒன்றும் கிடையாது. ஒரு நல்ல மனுஷிக்கு வலித்தது, அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் சேர்த்து ஒரு விரலை எடுத்தார்கள். பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மறுகையில் அந்த நோட்டுப் புத்தகம் இருந்தது.

"பதினேழு செடியா இருக்கும்போ கொஞ்சம் சாஞ்சு நின்னுதில்லா சார்? அதனால இருக்குமோ?" என்று கேட்டார்.

காலில் விரலை வெட்டி எடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"சிஸ்டர், பதினேழுக்கு நான் தீ காட்டல்ல."

அவர் புத்தகத்தை மூடினார்.

"எத்தன துளைக்கு?"

"அந்த மரத்துல ஒண்ணுக்கும் காட்டல்ல. பிட்டு குப்பைல விழுந்துட்டு. தொடச்சுட்டுப் போட்டேன்."

"எதுல தொடச்சிய?"

"லுங்கில."

"அலக்குன லுங்கியா?"

"இல்ல சிஸ்டர். ரெண்டு நாளா உடுத்தது."

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரித்தார். குளுக்கோஸ் குழாய் ஆடும் அளவுக்குச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டியூட்டி நர்ஸ் ஒரு பெண் ஓடிவந்து குழாயைப் பிடித்துக்கொண்டாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பம் நாந்தான் கொன்னிருக்கேன் சார். அந்தப் பூஞ்சணத்த. ஸ்பிரிட்டப் போட்டுத் தொடச்சுட்டு அதுக்க மேலேயே ஊத்துனா அது எப்பிடிப் பிழைக்கும்? பிழைச்சாலும் மெழுக வச்சு மூச்சு முட்ட வச்சாச்சு. சீழ் பிடிக்கப்படாது, சீழ் பிடிக்கப்படாதுன்னே பழகுன கையில்லா?"

பிறகு என்னைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"ஒண்ணர வருசம், தாணு சார்."

அவ்வளவுதான் திட்டினார். என் மனைவியும் மேலதிகாரிகளும் ஆயுள் முழுக்கத் திட்டியதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்த நான்கு வார்த்தை மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. அப்போதே பேனாவைக் கேட்டு வாங்கி, பதினேழாம் பக்கத்தைப் புரட்டி, 'தீ காட்டியது' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'தீ காட்டவில்லை. துடைக்கவில்லை. அடைக்கவில்லை' என்று எழுதினார். பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், காலில் கட்டோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தோட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். புதுக் கரைசல் வந்திருந்தது. விளக்கு இல்லை, ஸ்பிரிட் இல்லை, மெழுகு இல்லை. துளை மட்டும், மருந்து மட்டும். முதல் மரத்தில் தானே துளை போடுகிறேன் என்று மெஷினை வாங்கினார். மண் ஒட்டிய பிட்டைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மெஷினை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கை கேக்கல்ல சார். நீங்க செய்யுங்கோ. நான் அந்தப் பக்கம் திரும்பி இருக்கேன்."

சொன்னபடியே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் துளை போடத் தொடங்கியதும் அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "தீ காட்டியாச்சா?" கேட்ட பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நாட்களில் அவர் அதை எத்தனை தடவை கேட்டார் என்று சொல்ல முடியாது. நாக்கில் ஊறிய வார்த்தை, வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான், "காட்டல்ல சிஸ்டர்" என்பேன். "ம், சரி" என்பார்.

முப்பத்தொன்பது மரம் முடிந்ததும் நிறுத்தச் சொன்னார். நாற்பதாம் மரம் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேரே நிற்பது.

"அத விட்டுருங்கோ. நான் காலு சரியாகி எந்திரிச்சு வந்து எனக்க கையால போடுவேன். பழகணும்லா."

ஆறு மாதம் ஆகாமல் எந்த மரத்தையும் செதுக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. நான் அவசரப்பட்டபோது, "கட்டப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கப்படாது சார்" என்றார். ஐந்தாவது மாதத்தில் புண் மேலே ஏறி அவரை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போகும் போதெல்லாம் நாளைத்தான் கேட்பார். இன்னும் இருபது நாள். இன்னும் பதினொரு நாள். கடைசியாகப் போனபோது அவரால் நிறையப் பேச முடியவில்லை. "வியாழக்கிழமை" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமையே தோட்டத்துக்குப் போய்த் தங்கி, வியாழக்கிழமை விடிந்ததும் உளியை எடுத்தேன். எட்டாம் மரம். கறுப்பு. ஒன்பது, பதினொன்று, இருபத்திரண்டு, எல்லாம் கறுப்பு. ஒன்றிரண்டில் லேசாகத்தான் இருந்தது, ஆனாலும் கறுப்புதான். எட்டாம் மரத்துச் சிராயைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடினேன். அதன் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த ஒன்றரை வருடத்துக்கு முன்பே நான் வாயைத் திறந்திருந்தால், அவர் தன் காலால் நடந்து வந்து, மரத்தடியில் நின்று அந்தச் சிராயைத் தன் கையில் வாங்கியிருப்பார். இதைச் சொல்லும்போது, "அதுக்கு நீங்க என்ன செய்ய முடியும்" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தயவு செய்து வர வேண்டாம். என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் அடக்கம். வெள்ளைப் புடவையில் படுக்க வைத்திருந்தார்கள். அவர் பிள்ளைபோல் பார்த்த பழைய நர்சுகள் வரிசையாக வந்து நின்றார்கள். போதகர் ஜெபம் செய்தார், பாடல்கள் பாடினார்கள். நெற்றியில் திருநீறோடு நான் கய்யாலை ஓரமாக நின்றேன். எங்கள் வீடாக இருந்தால் தலைமாட்டில் கொஞ்சம் கனல் போட்டு, அந்தச் சிராயை அதில் இட்டிருப்பேன். அவர்கள் சபையில் புகை போடும் வழக்கம் கிடையாது. அவருடைய வழக்கத்தை இன்னொரு தடவை மீற எனக்கு மனம் வரவில்லை. பொட்டலம் சட்டைப் பையிலேயே இருந்தது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ஜெபினிடம் அதைக் கொடுத்தேன். அவன் சில வருடங்கள் வளைகுடாவில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தவன். லைட்டரை எடுத்து ஓரத்தில் காட்டி, மூக்கருகில் வைத்துக்கொண்டவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, இது ஊத். அகில அரபிக்காரங்க அப்பிடித்தான் சொல்லுவாவ. நல்ல ஊத். அங்க எங்க முதலாளி வெள்ளிக்கிழமைதோறும் போடுவாரு. பெரியம்மை பாத்தாவளா?"

"இல்ல மக்கா."

அவன் உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைக்குக் கீழே இருந்ததாம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றாவது பருவத்துக்கு எல்லாம் எழுதி, 'முடிவு' என்ற கட்டத்தை மட்டும் விட்டிருந்தார். பகவதியும் அன்று என்னோடு வந்திருந்தாள். திரும்பும் பேருந்தில் சுசீந்திரம் கோபுரம் தெரிந்தபோது, "அந்த மரத்த வெட்டாண்டாம். நிக்கட்டு" என்றாள்.

அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போனேன். முப்பத்தொன்பது மரத்தையும் ஒவ்வொன்றாகச் செதுக்கிப் பார்த்து, கட்டங்களை நிரப்பினேன். என் கையெழுத்து அவருடையதைப்போல் உருண்டையாக வராது. ஆனால் பொய் எதுவும் எழுதவில்லை. லேசாகக் கறுத்ததை லேசாக என்றுதான் எழுதியிருக்கிறேன். நாலு மரத்தில் ஒன்றுமே இல்லை, அதையும் எழுதியிருக்கிறேன்.

நாற்பதாம் பக்கத்தில் மட்டும் மூன்றாவது பருவம் வெறுமையாக இருந்தது. ஜெபினிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மெஷினை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு எதிரே போய் நின்றேன். ஜன்னல் சாத்தியிருந்தது. அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி அந்தப் பக்கம் திரும்பியபடியே கிடந்தது. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை. பிட்டை மண்ணில் ஒரு தடவை உரசி மாட்டினேன். பட்டையில் முனையை வைத்தேன். விரல் பொத்தானின்மேல் இருந்தது. அழுத்த வரவில்லை. எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"காட்டல்ல, சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் துளை போட்டேன்.